குளிர்சாதன ஒப்பந்தத் தொழிலும் வருமான வரியும்

குளிர்சாதனங்களை நிறுவிப் பராமரிக்கும் ஒப்பந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் கோடையே அறுவடைக் காலம். அவ்வருவாயில் சர்க்காரின் பங்கும் அடங்கியுள்ளதென்பதை மறத்தலாகாது.

கணக்குப் புத்தகங்களின்படி வரி செலுத்துவோர், பிடித்தம் போக எஞ்சும் ஆண்டு வரி ரூ.10,000 அல்லது அதற்கு மேலாயின், அதை முன்கூட்டியே தவணைகளில் செலுத்தவேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவிகிதம், செப்டம்பர் 15க்குள் மொத்தம் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் சேர்ந்திருத்தல் அவசியம். தவறினால் வட்டி விதிக்கப்படும். வேலை குறைந்த மழைக்காலத்தில் கடன்பட்டு வரி கட்டுவதினும், பட்டியல் பணம் வரும்போதே வரிப் பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைத்தல் நன்று.

இயந்திரம் வாங்குவதற்கும் காலமுண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாக உபயோகித்த இயந்திரத்திற்குத் தேய்மானக் கழிவில் பாதியே கிட்டும். ஆதலால் செப்டம்பருக்குள் வாங்கி உபயோகத்திற்குக் கொண்டுவருதல் அனுகூலம். எனினும், வரியை மிச்சப்படுத்தவே தேவையற்ற இயந்திரம் வாங்குதல் விவேகமன்று.