மே 1-ஆம் தேதிக் குதிரை

ஐந்து வயதுப் பிள்ளை சிலேட்டில் கிறுக்கியது போல ஒரு குதிரை. வெறும் பென்சில் கோடு. 1937 மே 1 என்று தேதி போட்டிருக்கிறது. வரைந்தபோது பாப்லோ பிக்காசோவுக்கு வயது 55. பதினைந்து வயதிலேயே தேர்ந்த கையோடு ஆளுயர ஓவியங்களைத் தீட்டியவர், அன்றைக்குக் குழந்தையைப் போல வரைந்து பார்த்திருக்கிறார்.

அதற்கு ஐந்து நாள் முன்னால், ஏப்ரல் 26 திங்கட்கிழமை, சந்தை நாளில், உள்நாட்டுப் போரில் இருந்த ஸ்பெயினின் கெர்னிகா என்ற சிற்றூர்மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் ஸ்பெயின் குடியரசின் அரங்குக்குப் பெரிய ஓவியம் ஒன்று வரைந்து தருவதாக அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே பிக்காசோ ஒப்புக்கொண்டிருந்தார். ஓவியனும் மாடலும் இருக்கும் ஸ்டூடியோ என்று ஏதேதோ வரைந்து பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை. கெர்னிகா செய்தி வந்ததும் பென்சிலை எடுத்தார்.

முதல் நாள் தாள்களிலேயே காளை வந்துவிட்டது, குதிரை வந்துவிட்டது, ஜன்னல் வழியே கை நீட்டி விளக்குப் பிடிக்கும் பெண்ணும் வந்துவிட்டாள். மூன்றும் கடைசிவரை நின்றன. அதே நாளில், குதிரையின் வயிற்றுக் காயத்திலிருந்து சிறகு முளைத்த குட்டிக் குதிரை ஒன்றும் எழுந்தது. எவ்வளவு அழகான கற்பனை! ஆனால் இறுதி ஓவியத்தில் அது இல்லை. இறந்த குழந்தையைச் சுமந்து ஏணியில் தவிக்கும் தாயை மே 9-இல் வரைந்தார். பிறகு ஏணி போய்விட்டது. தாய் மட்டும் இருக்கிறாள், காளையின் முகத்துக்குக் கீழே அலறிக்கொண்டு.

மே 11 வாக்கில் கித்தானில் கோடு போடத் தொடங்கினார். உயரம் 3.49 மீட்டர், அகலம் 7.77 மீட்டர். அதோடு ஸ்கெட்ச் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பகலோ இரவோ, பெரிய துணியில் சிக்கல் வந்தால் சின்னத் தாளுக்குத் திரும்பியிருக்கிறார். கித்தானில் முதலில், விழுந்து கிடக்கும் வீரனின் கை முஷ்டியை உயர்த்தியிருந்தது. பிறகு அந்த முஷ்டி தானியக் கதிர்களைப் பற்றியது, பின்னால் சூரியன் எழுந்தது. அடுத்து முஷ்டியே போய்விட்டது. சூரியன் சுருங்கி, கடைசியில் மின்விளக்கு எரியும் கண்ணாகிவிட்டது. வெற்றி முழக்கம் போல வந்த எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. செத்தவர்களுக்கு அது பொய்யாகத் தெரியும் என்று அவர் கை கண்டுகொண்டது என்றே நான் நினைக்கிறேன். யோசித்து மட்டும் அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. வரைந்து, பார்த்து, அழித்துத்தான் வர முடியும்.

அழும் பெண்களின் முகங்களை வண்ணக் கிரேயானில் வரைந்தார். கித்தானிலும் வண்ணக் காகிதங்களை ஒட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும் மிஞ்சின. ஜூன் தொடக்கத்தில் ஓவியம் முடிந்தது. அந்தப் பெண்கள் முடியவில்லை. அக்டோபர் வரை அவர்களை வரைந்துகொண்டே இருந்தார்.

இத்தனையும் நமக்குத் தெரிவதற்கு இரண்டே காரணங்கள். தாள்களில் அவர் தேதி போட்டுவைத்தார், அவற்றைப் பாதுகாத்தும் வைத்தார். கித்தான் மாறிய கட்டங்களைப் புகைப்படக் கலைஞர் டோரா மார் படம் எடுத்தார். ஏறத்தாழ 45 முன்வரைவுகள் மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் கெர்னிகா ஓவியத்தோடு இருக்கின்றன.

வரைகிற தம்பி, தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். இப்போது பலரும் திரையில் வரைகிறீர்கள். பிடிக்காத கோடு ஒரு தட்டலில் மறைந்துவிடுகிறது. மறையவிடாதீர்கள். கோணலாக வந்த குதிரைக்கும் கீழே தேதி போட்டு எடுத்துவையுங்கள்.