கடற்பஞ்சு தந்த மருந்து

ஓடவோ ஒளியவோ இயலாத உயிரினத்துக்கு வேதிப்பொருளே ஆயுதம். பாறையில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகள் பல, மேய வரும் மீன்களையும் இடத்துக்குப் போட்டியிடும் அண்டை உயிர்களையும் நஞ்சால் விலக்கி வைக்கின்றன. அந்நஞ்சுகளில் சில, வேகமாகப் பெருகும் செல்களையும் தடுத்து நிறுத்துகின்றன. புற்றுநோய் ஆய்வாளர்களைக் கடலுக்கு இழுத்தது இதுவே.

இது நேற்றுத் தொடங்கிய முயற்சியன்று. 1950-களின் தொடக்கத்தில் கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் வெர்னர் பெர்க்மன் கண்டறிந்த விந்தையான நியூக்ளியோசைடுகளே 'சைட்டராபின்' மருந்துக்கு வித்திட்டன. 1969-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அம்மருந்து, ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் பயன்படுகிறது. அது எளிய மூலக்கூறு. ஆய்வகத்திலேயே தயாரிக்க முடிந்தது.

எல்லா மூலக்கூறுகளும் அவ்வாறு அமைவதில்லை. 1986-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் ஒரு கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுத்த 'ஹாலிகாண்ட்ரின்-பி' ஆய்வுகளில் பெரும் ஆற்றலைக் காட்டியது. சிக்கல் அளிப்பில் இருந்தது. நியூசிலாந்துக் கடலில் வேறோர் இனக் கடற்பஞ்சை ஒரு டன் அள்ளியும் கிடைத்தது சுமார் 300 மில்லிகிராம் மட்டுமே. விலை உயர்ந்தால் அளிப்பு பெருகும் என்று வகுப்பறைகளில் நாங்கள் கற்பித்த விதி இங்கே செல்லாது, கடற்பஞ்சுதான் அழியும்.

1992-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யோஷிட்டோ கிஷியின் குழு அம்மூலக்கூறை முழுமையாகச் செயற்கை முறையில் உருவாக்கியது. அதன் ஆற்றல் ஒரு பாதியிலேயே அடங்கியிருப்பதும் தெரியவந்தது. அப்பாதியைத் திருத்தியமைத்து எய்சாய் நிறுவனம் உருவாக்கிய 'எரிபுலின்', உடலில் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தாக 2010-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில், பிற சிகிச்சைகளோடு ஒப்பிடுகையில் கூடுதலாகக் கிடைத்த இடைநிலை வாழ்நாள் சுமார் இரண்டரை மாதம். நோயாளியின் குடும்பத்துக்கு அது சிறிதன்று. ஆனால் 'கடலில் புற்றுநோய்க்குத் தீர்வு' என்னும் தலைப்புகள் ஊட்டும் நம்பிக்கைக்கு அது மிகச் சிறிது. இவை மருத்துவமனையில் அளந்து செலுத்த வேண்டிய நச்சுப் பொருள்கள். சத்து மாத்திரையாக விற்கப்படும் கடற்சாறுகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

மூலக்கூறு கடலுடையது, காப்புரிமை நிறுவனத்துடையது என்றால் பயன் யாருக்கு? ஒரு நாட்டின் கடல் எல்லைக்குள் கிடைக்கும் உயிர்வளத்துக்கு, பயன்பகிர்வு குறித்த 2010-ஆம் ஆண்டின் நகோயா உடன்படிக்கை உண்டு. எந்த நாட்டுக்கும் உரிமையற்ற ஆழ்கடலுக்கு அத்தகைய ஏற்பாடு, 2023-இல் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட ஒப்பந்தத்தின் மூலமே வந்தது. பணப்பயனை எவ்வாறு பகிர்வது என்பதை உறுப்பு நாடுகளின் மாநாடுதான் முடிவு செய்ய வேண்டும்.