துப்பாக்கி ஒலியடக்கி (இந்தியச் சட்டம்)

துப்பாக்கி ஒலியடக்கி (சைலன்சர்) என்பது சுடும்போது எழும் ஓசையைக் குறைக்கும் துணைக்கருவி ஆகும். ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 2 இதனைச் 'சுடுகலன்' என்னும் வரையறைக்குள்ளேயே சேர்த்துள்ளது. எனவே துப்பாக்கி இல்லாமல், ஒலியடக்கியை மட்டும் உரிமமின்றி வைத்திருப்பதும் குற்றமே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இதற்குப் பொதுவாக 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு.

அமெரிக்காவில் இதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இந்தியாவில் ஆயுதங்கள் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால் திருநெல்வேலிக்கும் தில்லிக்கும் ஒரே சட்டம்தான்.

1911 சூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டபோது 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடப்பில் இருந்தது. அன்று இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. இன்று அந்தப் பாகுபாடு இல்லை. உரிமமின்மைக்காக வழக்குத் தொடர மாவட்ட நடுவரின் முன் அனுமதியும் வேண்டும் (பிரிவு 39).