உப்பு வண்டிக்கும் ஸ்டெப்னி உண்டு!

வெளியூர் கிளம்பும் முன் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்ப்போம் இல்லையா? சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்தவர்கள் உமணர்கள் என்ற உப்பு வணிகர்கள். மாட்டு வண்டிக்கு அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டுதான் புறப்படுவார்கள். அதற்குப் பெயர் 'சேம அச்சு'.

இதைச் சொல்வது புறநானூற்றின் 102-வது பாடல். காளைகளோ இளசு, வண்டியில் பாரமோ அதிகம், வழியெல்லாம் மேடு பள்ளம். எப்போது அச்சு முறியும் என்று யாருக்குத் தெரியும்? தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். ஆபத்தில் கைகொடுப்பவன் என்று அர்த்தம்.

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. கடற்கரை உப்பளத்தில் விளைந்த உப்பு, காடும் மேடும் கடந்துதான் வர வேண்டும். வண்டி நடுவழியில் நின்று, மழையும் பிடித்துக்கொண்டால் சரக்கே கரைந்துவிடும்!

மண்ணில் கிடைக்குமா?

தொல்லியல் ஆய்வாளர்களுக்கும் இதே சிக்கல்தான். உப்பு கரைந்துவிடும் என்பதால், அதைக் காய்ச்சிய பானையையும் அடுப்பையும்தான் தேடுகிறார்கள். பல்கேரியாவின் புரோவாடியா அருகே, சுமார் 7,500 ஆண்டுகளுக்கு முன் உப்பு ஊற்றுநீரைப் பானைகளில் காய்ச்சியதற்குச் சான்று கிடைத்தது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் 3,300 ஆண்டுப் பழைமையான மரப்படிக்கட்டு மக்காமல் கிடைத்தது. காப்பாற்றியது உப்புதான்!

நம் பக்கம் வருவோம். ஈரோடு மாவட்டம் சென்னிமலை அருகே, நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் 'கொடுமணம்' இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. இந்தப் பகுதியில் கிடைக்காத சூதுபவளம், நீலநிற லாபிஸ் கற்களும் இருந்தன. லாபிஸ், ஆப்கானிஸ்தான் பக்கத்துக் கல்.

கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரை முசிறிக்குப் போன பெருவழியில் இருந்த ஊர் இது. அவ்வளவு தூரத்திலிருந்து கல்லே வந்த ஊருக்கு, தினமும் சோற்றுக்குத் தேவையான உப்பும் வண்டியேறி வந்திருக்க வேண்டும். ஆனால், கல்லைப்போல அதைத் தோண்டி எடுக்க முடியாது. அந்த வண்டிகள் எப்படிப் போயின என்று தெரிந்துகொள்ள, நமக்கு ஔவையாரின் பாட்டு உதவுகிறது.