கடைமடையில் ஓர் ஏரி

சென்னைக்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, ஏறக்குறைய 230 கிலோமீட்டர் தெற்கே, காட்டுமன்னார்கோவிலை ஒட்டிக் கிடக்கும் வீராணம் ஏரியிலிருந்து போகிறது. சேத்தியாத்தோப்பில் இறைத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, போரூர் வரை குழாயில் ஓட்டுகிறார்கள். 2004இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர்.

ஏரியின் வயது ஆயிரத்துக்கும் மேல். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்தது என்பார்கள். தந்தையின் பட்டப்பெயரால் வீரநாராயணன் ஏரி. ஊர் வாயில் வீராணம். ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு, வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரையைப் பார்க்கப் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் போவது நல்லது. வறண்ட கோடையில் போனால் ஏரிக்குள் ஆடு மாடு மேய்வதைத்தான் பார்க்க முடியும்.

காரணம், வீராணத்தின் கதையில் முக்கால்வாசி காவிரியின் கதை. மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரைக்கு வரவேண்டும். அங்கே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அதைத் தடுத்து வடவாற்றில் திருப்பிவிடும். வடவாறு கொண்டுவந்து ஏரியில் சேர்க்கும். மழைக்காலத்தில் அரியலூர்ப் பக்கமிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் வெள்ளம் கொண்டுவரும்; ஆனால் அது சொல்லிக்கொண்டு வராது. வந்தால் ஒரேயடியாக வரும், உபரியைத் திறந்து வெள்ளாற்றில் விட வேண்டியிருக்கும்.

முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 18 கோடி லிட்டர் என்பது விநாடிக்குச் சுமார் 74 கன அடி. ததும்ப நிறைந்த ஏரியைச் சென்னைக்கு மட்டுமே ஒதுக்கி, வெயில் ஒரு சொட்டும் குடிக்காது என்று வைத்துக்கொண்டாலும் ஏழரை மாதத்தில் தரை தட்டிவிடும். அதே தண்ணீரை நம்பித்தான் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிய நாட்களில் வீராணம் நகரத்துக்குக் கைகொடுத்தது. இந்தப் பக்கத்து விவசாயிக்கு அது தெரியும். ‘கடைமடைக்குத் தண்ணி வரலை’ என்ற அவருடைய பேச்சும் நிற்கவில்லை.

உலகக் கணக்கிலும் பாசனத்துக்குத்தான் பெரும்பங்கு: மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போகிறது. பூமியின் தண்ணீரில் நன்னீரே இரண்டரை விழுக்காடுதான். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் பனியாக உறைந்து கிடக்கிறது. மிச்சம் அநேகமாக எல்லாம் நிலத்துக்கு அடியில். ஏரியும் ஆறும் சேர்ந்தால்கூட நன்னீரில் அரை விழுக்காடு தேறாது. டிஎம்சி, கன அடி என்று தினமும் பேப்பரில் நாம் படிப்பது இந்தத் துளியின் கணக்கைத்தான். அடியில் கிடப்பதற்குத் தினக்கணக்கு சொல்வார் யாருமில்லை.

வீராணம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் அந்த அடித் தண்ணீர் படும் பாடு விசித்திரமானது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில், தானாகப் பொங்கிய நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. 1956இல் சுரங்க நிறுவனம் பிறந்தது. கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது நிலத்தடி நீர். மேல்மண்ணை அள்ளிவிட்டால், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ விசையில் அது சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு வரும். அதனால் சுற்றிலும் குழாய்க் கிணறு போட்டு இரவு பகலாக இறைக்கிறார்கள். வயலில் மோட்டார் ஓடுவது தண்ணீர் வேண்டும் என்பதற்காக. இங்கே, தண்ணீர் வேண்டாம் என்பதற்காக. இறைத்ததில் ஒரு பங்கு அனல்மின் நிலையத்துக்கு, ஒரு பங்கு குடிநீருக்கு. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் பாசனமாகப் போய்ச் சேர்கிறது.

கடலோரத்தில் நிலைமை வேறு. அங்கே மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் கனம் குறைந்தது என்பதால் கீழே உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. கையால் மொண்டெடுக்கும்வரை தொல்லையில்லை. மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும். பிறகு அந்தத் தண்ணீரில் பருப்புகூட வேகாது. வசதியுள்ளவர்கள் உப்படுக்கைத் தாண்டிச் சில நூறு அடிக்கு போர் இறக்கி நல்ல தண்ணீரைப் பிடிக்கிறார்கள். அந்த ஆழத்தில் இருப்பது நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று பெயரிட்ட பாறையடுக்கு. நெய்வேலியில் இரவு பகலாக இறைப்பதும் அதே அடுக்கிலிருந்துதான்.