மௌனப்பட ராணியின் கடைசி நகைச்சுவை வேடம்: உச்சத்தில் நடித்த படங்களைக் காண வழியில்லை

புதுதில்லி: மௌனப்படக் காலத்தில் நாட்டிலேயே அதிக ஊதியம் பெற்ற நடிகையாகத் திகழ்ந்தவர் சுலோசனா. அவரை இன்று திரையில் காண விரும்புவோருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நடுவயதிலும் முதுமையிலும் அவர் ஏற்ற துணை வேடங்கள்தான். அவற்றில் கடைசியாகக் குறிப்பிடப்படுவது 1978-ல் வெளிவந்த "கட்டா மீட்டா" என்ற இந்திக் காதல் நகைச்சுவைப் படம்.

பாசு சாட்டர்ஜி இயக்கிய அப்படத்தில் காதல் வயப்படுவது இளைஞர்கள் மட்டுமல்ல. நான்கு மகன்களுடன் வாழும், மனைவியை இழந்த பார்சி முதியவராக அசோக் குமாரும், மூன்று பிள்ளைகளின் தாயான கைம்பெண்ணாக பேர்ல் பதம்சீயும் நடித்தனர். இருவரும் மறுமணம் செய்துகொண்டு ஒரே வீட்டில் குடியேறியதும் பிள்ளைகளிடையே மூளும் சண்டையே கதை. 1968-ல் வந்த "யுவர்ஸ், மைன் அண்ட் அவர்ஸ்" என்ற அமெரிக்கப் படத்தின் தழுவல் இது. எழுபது வயதை எட்டியிருந்த சுலோசனாவுக்கு இதில் சிறு வேடமே கிடைத்தது.

1907-ல் புணேயில் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்த அவரது இயற்பெயர் ரூபி மயர்ஸ். தொலைபேசி இணைப்பகத்தில் பணிபுரிந்தபோது கோஹினூர் நிறுவனத்தின் இயக்குநர் மோகன் பாவ்னானி நடிக்க அழைத்தார். நல்ல குடும்பத்துப் பெண்கள் சினிமாவுக்கு வரலாகாது என்று கருதப்பட்ட காலம். முதலில் மறுத்தவர், பின்னர் இணங்கினார்.

"டைப்பிஸ்ட் கேர்ள்" (1926) அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. "வைல்ட்கேட் ஆஃப் பம்பாய்" படத்தில் தோட்டக்காரர், போலீஸ்காரர், வாழைப்பழம் விற்கும் கிழவி, ஜேப்படித் திருடர் என எட்டு வேடங்களில் தோன்றினார். பின்னர் இம்பீரியல் நிறுவனத்தில் சேர்ந்தார். "மாதுரி", "அனார்கலி" (இரண்டும் 1928), "இந்திரா பி.ஏ." (1929) ஆகியவை அடுத்தடுத்து வெற்றி பெற்றன. பம்பாய் கவர்னரைவிட அவருக்குச் சம்பளம் அதிகம் என்று அந்நாளில் பேசப்பட்டது.

1931-ல் அதே இம்பீரியல் நிறுவனம் "ஆலம் ஆரா"வைத் தயாரித்து நாட்டின் முதல் பேசும் படமாக வெளியிட்டபோது கதாநாயகி ஜுபைதா. இந்துஸ்தானி சரளமாகப் பேச வராததால் பின்தங்கிய சுலோசனா, ஓராண்டு ஒதுங்கி மொழி கற்றார். 1932-ல் "மாதுரி"யின் பேசும் பதிப்புடன் திரும்பினார். பட்டமும் உயர்ந்தது: 1934-ல் வந்தது "இந்திரா எம்.ஏ."!

அவரது சரிவை அனார்கலியே அளந்து காட்டுவாள். 1928-லும் 1935-லும் அவரே அனார்கலி. 1953-ல் அந்த வேடம் பீனா ராய்க்குப் போனது. சுலோசனா சலீமின் தாயாக நடித்தார். அம்மா வேடங்களில் புகழ்பெற்ற சுலோசனா லட்கர் (2023-ல் காலமானவர்) வேறொருவர் என்பது குறிப்பிடத்தக்கது. பெயர் ஒற்றுமையால் இருவரையும் குழப்பிக்கொள்வோர் உண்டு.

மத்திய அரசு 1973-ம் ஆண்டுக்கான தாதாசாஹேப் பால்கே விருதை ரூபி மயர்ஸுக்கு அளித்தது. விருது ஏற்படுத்தப்பட்டு அது ஐந்தாவது ஆண்டு. தேவிகா ராணிக்குப் பிறகு அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவரே. எந்த மௌனப்படச் சாதனைக்காக விருது தரப்பட்டதோ, அந்தப் படங்களைப் பாதுகாக்க அதற்கு முன் அரசிடம் ஏற்பாடு இருந்ததா என்றால், காலம் கடந்தே இருந்தது. புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தது 1964-ல்தான். மௌனப்படக் காலம் முடிந்து ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின்னர்.

அதற்குள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் எரிந்தன, மக்கின. வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் விற்கப்பட்டன. நாட்டில் தயாரான 1,300-க்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் முழுமையாகவோ துண்டாகவோ எஞ்சியவை சுமார் 30. "வைல்ட்கேட் ஆஃப் பம்பாய்" அவற்றில் இல்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த "கீசக வதம்" இல்லை. தென்னகத்தில் தப்பிய ஒரே மௌனப் படம் "மார்த்தாண்ட வர்மா". 2003 ஜனவரியில் புணேயில் ஏற்பட்ட தீ விபத்திலும் பழைய சுருள்கள் ஏராளமாக அழிந்தன. அதன் பின்னரே, ரூ.597 கோடியில் தேசியத் திரைப்பட மரபுத் திட்டம் வந்தது. 2022-ல் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

பணம் ஒதுக்கினாலும் சட்டம் இல்லை. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் சேர வேண்டும். வெளியாகும் எல்லாத் திரைப்படங்களுக்கும் அத்தகைய கட்டாயம் இல்லை. 2023-ல் நாடாளுமன்றம் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியபோது பேசப்பட்டவை திருட்டுப் பதிவும் வயதுவாரிச் சான்றிதழும்தான்.

1983 அக்டோபர் 10-ல் ரூபி மயர்ஸ் மும்பையில் காலமானார். "கட்டா மீட்டா" இன்றும் காணக் கிடைக்கிறது. எட்டு வேடங்களில் கலக்கிய நடிகையைத் தேடுவோர், அதில் அவர் வந்துபோகும் சில காட்சிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.