பொருள் மறந்த பாட்டுக்கள்

எத்தாளைக் கரைக்கும் புத்தளம் நகருக்கும் இடையே கிடப்பது களப்பு ஒன்றுதான். நகரைத் தாண்டி அநுராதபுரம் வீதியில் சிறிது தூரம் சென்றால் சிராம்பியடி. அங்கே வாழும் சில குடும்பங்களின் மூதாதையர் ஆபிரிக்கர். ஊரார் அவர்களைக் 'காபிரிகள்' என்பர். அவர்களும் அப்பெயரை இழிவாகக் கொள்வதில்லை.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவருமே அடிமைகளாகவும் படைவீரராகவும் ஆபிரிக்கரை இலங்கைக்குக் கொணர்ந்தனர். 1865 இல் ஆங்கிலேயரின் படைப்பிரிவு புத்தளத்தில் கலைக்கப்பட்டபோது அதன் வீரர்கள் இங்கேயே குடியமர்ந்தனர். இன்று அவர்கள் கத்தோலிக்கர். வீட்டில் பேசுவது சிங்களம். பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேச்சிலிருந்து நீங்கிவிட்டது. அது எஞ்சி நிற்கும் இடம் 'மன்ஜா' என்னும் பாட்டு.

மன்ஜா மெதுவாகவே தொடங்கும். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வர். ரபான், தேங்காய்ச் சிரட்டை, போத்தலில் தட்டும் கரண்டி என்று தாளம் ஏறும். ஒரே அடி திரும்பத் திரும்ப வரும்; வேகம் கூடும்; இருந்தவர்கள் எழுந்து ஆடுவர். இதனைப் 'பைலா' என்று சொல்லி ஒதுக்குவோர் உளர். இரண்டும் உறவுடையனவே, ஆயினும் ஒன்றல்ல.

இதே அடிமை வரலாறு மொரொக்கோவில் வேறொரு இசையை விளைத்தது. சகாராவின் தென்புறத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்த 'க்னாவா' மக்கள் இஸ்லாமியர். விடுதலை பெற்ற அடிமையும் நபிகளாரின் முதல் முஅத்தினுமான பிலால் அவர்களையே தம் ஆன்மிக முன்னோராகப் போற்றுவர். 'லீலா' எனப்படும் அவர்களது சடங்கு இரவு முழுவதும் நிகழும். மூன்று நரம்புள்ள 'கெம்ப்ரி'யை ஆசான் மீட்ட, இரும்புத் தாளங்கள் ஒலிக்கும். சாம்பிராணிப் புகையிடையே, ஒவ்வோர் ஆவிக்கும் உரிய நிறத்துணி போர்த்தியவர்கள் தம்மை மறந்து ஆடுவர். நோய் தீர்க்கும் வழிபாடு அது. மன்ஜாவை அவ்வாறு கூற நான் துணியேன். அது மகிழ்ச்சிக் கூடலின் பாட்டு. ஆபிரிக்க வம்சத்தவரிடையே வழிபாட்டிசையை இன்னும் அண்மையில் காணவேண்டுமாயின் குஜராத்தின் இரத்தன்பூரில், பாவா கோர் தர்காவில் சித்திகள் ஆடும் கோமாவைத்தான் காட்டவேண்டும்.

ஆனால், மொழி மாணவனாகிய என்னை ஈர்ப்பது வேறொன்று. க்னாவாப் பாட்டுக்களில் பம்பாரா முதலிய மொழிகளின் சொற்கள் கிடக்கின்றன; பாடுவோர் பலருக்கு அவற்றின் பொருள் தெரியாது. சிராம்பியடியிலும் இளையோர் நிலை ஏறத்தாழ அதுவே. பொருள் தெரியாத சொல்லை ஒரு தலைமுறை ஏன் சுமக்கிறது? கரைவலை இழுக்கும் நம்மவரைக் கேளுங்கள். அம்பாப் பாடலின் 'ஏலேலோ'வுக்குப் பொருள் கேட்டால் சிரிப்பார்கள். அச்சொல் இன்றேல் கைகள் ஒன்றுசேர்ந்து இழுக்கா.

க்னாவாவுக்கு எஸ்ஸவீராவில் 1998 முதல் பெருவிழா உண்டு. 2019 இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. மன்ஜாவைப் பற்றி ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்றோர் ஆங்கிலத்தில் எழுதியுள்ளனர். புத்தளத்துத் தமிழ் மாணவர் ஒருவர் செய்யக்கூடிய பணியும் உண்டு: முதியோர் பாடும் சொற்களை அவர்கள் ஒலிக்கும்படியே எழுதிக்கொள்வது, தெரிந்த பொருளை அருகே குறிப்பது, தெரியாத இடத்தை வெறுமையாகவே விடுவது. பேருந்தில் ஏறினால் சிராம்பியடிக்கு அதிக நேரமாகாது.